பொள்ளாச்சிச் சீன டாக்டரிடம் பல் கட்டப் போனது

ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பல் கட்டும் ஆசை வந்ததற்குச் சின்ன மகளின் கல்யாணம்தான் காரணம். சம்பந்தி வீட்டார் முன்னால் பொக்கை வாயோடு நிற்க இஷ்டமில்லை. பொள்ளாச்சியில் ஒரு சீன டாக்டர் மலிவாகக் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, 1936 தை முதல் வியாழனன்று கிளம்பினேன். முகூர்த்தத்துக்குப் பத்தே நாள் இருந்தது.

எங்கள் கருமத்தம்பட்டியிலிருந்து கோயமுத்தூர் பதினான்கு மைல், பஸ் நாலணா. அங்கிருந்து பொள்ளாச்சி இருபத்தைந்து மைல், எட்டணா. ஏழு மணி பஸ் சந்தை மூட்டைகளையெல்லாம் ஏற்றி எட்டேகாலுக்குத்தான் நகர்ந்தது. டிரைவரிடம் டாக்டரைப் பற்றி விசாரித்தேன்.

"கைராசிக்காரருங்க. ஆனா ஊட்டுக்குள்ள சவப்பெட்டி வெச்சிருக்காரு. பாத்து இருந்துக்கோங்க" என்றார்.

அடப்பாவி! பல்லுக்குப் போகிறேனா, பாடைக்குப் போகிறேனா?

டாக்டர் பொள்ளாச்சியிலேயே பிறந்தவர். நம் பேச்சு என்னைவிட அவருக்கு நன்றாக வந்தது. பெட்டியை மறைக்கவும் இல்லை, அழைத்துப் போய்க் காட்டினார். பின்கட்டில் ஆனைமலைத் தேக்கில் ஆறடிப் பெட்டி, பளபளவென்று இருந்தது. பெற்றவர் உயிரோடிருக்கும்போதே பெட்டி செய்து வைப்பது அவர்களிடையே மரியாதையாம், ஆயுசும் கூடுமாம். பினாங்கிலும் ரங்கூனிலும் இருக்கும் அண்ணன்மாருக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாராம்.

பெட்டிக்குப் பக்கத்தில் டாக்டரின் அப்பா உட்கார்ந்து வறுத்த கடலை மென்றுகொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். மகன் தகட்டில் பதித்துக் கட்டிக் கொடுத்த பல், முன்பல்லில் சின்னதாகத் தங்கப் பொட்டு. "கடலை தின்னுங்க கண்ணு" என்று நீட்டினார். என் வாயைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தக் கிழவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மகன்மேல் சந்தேகம் மட்டும் தீரவில்லை. இவ்வளவு பெருமையாகச் சவப்பெட்டி காட்டுகிறவனை எப்படி நம்புவது?

மெழுகில் அச்செடுத்துவிட்டு, "பீங்கான் பல்லு மெட்ராஸ்ல இருந்து வரோணுங்க. பதினஞ்சு நாள் ஆகும்" என்றார்.

"அடுத்த வியாழக்கிழமை வேணும். இல்லாட்டி கோயமுத்தூர்லயே பாத்துக்கறேன்" என்றேன் கறாராக. என் முகத்தையே பார்த்தார். பிறகு, "செஞ்சுபோட்டு வெக்கிறேனுங்க" என்றார்.

அடுத்த வியாழன் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பல் தயாராக இருந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் டாக்டர் என் கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணாடியும் தரவில்லை. பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டொக், டொக் என்று இடிக்கும் சத்தம்.

"அப்பா எங்கீங்க?"

"தூங்கறாருங்க."

தூங்குகிறவர் எதை இடிக்கிறார்? எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். கிழவர் சின்ன உரலில் கடலை இடித்துக் கஞ்சியில் போட்டுக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. வாயில் ஒரு பல்கூட இல்லை.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. என் வாயை உற்றுப் பார்த்துவிட்டுக் குழறிச் சொன்னார்: "அந்தத் தங்கப் பொட்டுப் பல்லுல மட்டும் வெடுக்குன்னு கடிச்சுப்போடாதீங்க கண்ணு. கொஞ்சம் ஆடும்."

நாக்கால் தடவிப் பார்த்தேன். முன்பல்லில் பொட்டு இருந்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

டாக்டர் பின்னாலேயே வந்தார். "பதினஞ்சு நாள்னா வந்த ஆளு போயிருவீங்கன்னு அவர் தகட்டுல இருந்து எடுத்துப்போட்டேனுங்க. ஊட்டுக்குள்ளயே இருக்கறவருக்குப் பல்லு எதுக்குங்க? நான் என்ன குறை வெச்சேன்? பெட்டியப் பாத்தீங்கல்ல?"

"செத்தப்புறம் படுக்கறதுக்குத் தேக்கு, இருக்கையில திங்கறதுக்குப் பல்லு இல்லையா? நீயெல்லாம் ஒரு மகனா!" என்று கத்திவிட்டேன்.

கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் போடாதீங்க. பையன் நல்லவந்தானுங்க. ஊருக்குத் தெரிஞ்சா அவனுக்குத்தான் கேவலம்."

பொய் சொல்ல மாட்டேன். சம்பந்தி வீட்டாரை நினைத்து ஒரு நிமிஷம் தயங்கினேன். அவசரப்படுத்தியது நான்தானே, இனிப் பேசாமல் போய்விடலாமே என்றும் தோன்றியது. பிறகு பல்லைக் கழற்றி, கழுவி, கிழவர் கையில் வைத்தேன். என் தகட்டிலிருந்து எடுத்து அவர் தகட்டில் திரும்பப் பதித்துத் தருவதாக மகன் சத்தியம் செய்தான். எனக்கு நம்பிக்கையில்லை.

கல்யாணத்தில் பொக்கை வாயோடுதான் நின்றேன். சம்பந்தி சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். முறுக்கு மட்டும் கடிக்க முடியவில்லை.

பல் கட்டப் போகிறவர்களுக்கு: போய்வர ஒன்றரை ரூபாய், பல்லுக்கு இருபது ரூபாய். வியாழன் சந்தை நாள், பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம், வேறு கிழமை போங்கள். பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாள் காத்திருங்கள். அதற்கும் முன்னால் நேராகப் பின்கட்டுக்குப் போய், அந்தப் பெரியவர் கடலையை மெல்கிறாரா, இடிக்கிறாரா என்று பாருங்கள். மென்றால் மட்டும் உங்கள் வாயைத் திறங்கள்.