துடிப்புத் தெரியாத முகில்

கண்ணுக்கு அகப்படாத ஒன்று இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு வெளிச்சம் போதும்? விண்மீன் ஆய்வில் நான் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்விதான் இது. ஆடி அமாவாசைக்கு முதல்நாள், எங்கள் ஊரான அக்கராயனில், வீட்டுக் குசினியின் அடுப்படியில், அதற்கு அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

போரின் கடைசி மாதங்களில் அப்பா காணாமற்போனார். தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதமிருந்து, காத்தோட்டிக்காய்க் கறியும் சமைத்துப் படைப்பார்கள். நான் ஒருமுறையும் இருந்ததில்லை. இருந்தால், அப்பா இறந்துவிட்டார் என்று அம்மா ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அன்று அம்மாவின் தமையன், என் மாமா, சந்தையிலிருந்து ஒரு பை காத்தோட்டிக்காயோடு வந்தார்.

"இந்த முறையாவது பெடியனை விரதம் பிடிக்க விடு, தங்கச்சி."

"காயைக் கொண்டுவந்து என்ர மனுசனைச் சாக்காட்டாதேங்கோ, அண்ணை."

மாமா என் பக்கம் திரும்பினார். "மருமோன், வானத்தில கிடக்கிறதெல்லாம் உனக்கு விளங்குது. கொம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தேலாதோ?"

"அவன் எனக்கு எப்பவோ விளங்கப்படுத்திப்போட்டான்," என்றார் அம்மா. "முகிலில துடிப்புத் தெரியேல்லை எண்டாலும் விண்மீன் உள்ளுக்க இருக்குதாம். எங்கட பக்கம் திரும்பேல்லை, அவ்வளவுதான். அவரும் அப்பிடித்தான்."

நான் ஆராய்வது துடிவிண்மீன் ஒன்றின் காற்று ஊதிய முகில். பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் சிறு கரு, வேகமாகச் சுழன்று துணிக்கைகளை, அணுவினும் சிறிய துகள்களை, வீசுகிறது; அதுதான் துடிவிண்மீன். பூமியில் கட்டப்பட்ட எந்தத் துகள்முடுக்கும் இயந்திரமும் எட்டாத சக்தியை அவை அங்கே பெறுகின்றன. அவற்றால் முகில் ஒளிர்கிறது. சுழலும் கருவின் கதிர் ஒவ்வொரு சுற்றிலும் பூமியைத் தொட்டால் அது துடிப்பாகத் தெரியும்; தொடாவிட்டால் தெரியாது. என் முகிலிலும் தெரியவில்லை. ஆனாலும், ஒளியை வைத்து, உள்ளே கரு இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அதைத்தான் ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னேன்.

பேசாமல் இருந்தால் அந்த நம்பிக்கை என் படிப்பின் பெயரால் நிற்கும். பேசினால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வந்தது, இறக்கி வைத்தேன்.

"அம்மா, அதில இன்னொரு பாதி இருக்கு. சக்தி கூடின துணிக்கை கெதியா அடங்கிப்போகும். அதின்ர ஒளி தெரிஞ்சால், உள்ள இருக்கிறது இப்பவும் புதுசா வீசுது எண்டு அர்த்தம். சக்தி குறைஞ்சது அப்பிடியில்லை. கரு ஓய்ஞ்ச பிறகும் அதின்ர வெளிச்சம் கன காலம் நிக்கும்."

"உன்ர முகிலில எது?"

"ரெண்டும் இருக்கு."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டார்: "இஞ்ச?"

"இஞ்ச அப்பாட்டையிருந்து புதுசா ஒண்டும் வரேல்லை, அம்மா."

அம்மா மாமாவின் பையை எடுத்துக் காய்களைக் கழுவினார்.

"விதையை வடிவா எடுக்கவேணும். இல்லாட்டில் கைக்கும்," என்று சொல்லி என்னிடம் கத்தியைத் தந்தார்.

மறுநாள் நான் விரதமிருந்தேன். அம்மா பொட்டை அழிக்கவில்லை. மாமாவும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் விரதமிருக்கிறேன். என் ஆய்வைப் பற்றி அம்மா இப்போது எதுவும் கேட்பதில்லை.