வெளிநாட்டில் ஒரு பருவம்

தையல்காரரின் மூத்த மகள் என்ன படிக்கிறாள் என்பது தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை. தத்துவம், வானியல், இசை வரலாறு, இரண்டு வெளிநாட்டு மொழிகள், எல்லாம் ஒரே பட்டத்தில். "எதுக்குப் படிக்கிறா?" என்று கேட்டால் தையல்காரர் தையலை நிறுத்தாமலே, "எல்லாத்துக்கும்தான்" என்பார்.

அந்தப் பட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பருவம் வெளிநாட்டில் படித்தாக வேண்டும். அவளுக்கு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. இப்போது நான்காம் ஆண்டு. இதை விட்டால் வேறு வழியில்லை.

அப்பா தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு தூதரகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்றாள். முதுகு நனைந்து துணி ஒட்டியது. அதிகாரி தாள்களைப் புரட்டினார்.

"நட்சத்திரமும் படிக்கறீங்க, இசையும் படிக்கறீங்க. முடிச்சுட்டு என்ன வேலைக்குப் போவீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

"அப்போ திரும்பி வர்றதுக்கு என்ன காரணம்?"

"அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

"எல்லாரும் அதைத்தாங்க சொல்றாங்க."

கண்ணாடிக்கு அடியில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே அதே வெள்ளை மறுப்புச் சீட்டு. அவள் படித்துப் பார்க்கவில்லை.

நேராகத் துறைத்தலைவியிடம் ஓடினாள். அந்த அம்மாள் சீட்டை வாங்கிப் படித்தார். "விதியை எழுதினதே நான்தாம்மா. எல்லாருக்கும் கதவு திறக்கும்னு நெனச்சேன்" என்றார். விலக்கு கேட்டுப் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குப் பரிந்துரை எழுதினார்.

குழு இரண்டு வாரம் கழித்து அவளைக் கூப்பிட்டது. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களாம்.

"உலகத்தைப் பத்தி நாலு வருஷம் படிச்சேன் சார். உள்ள விடமாட்டோம்னு சொன்னது தூதரகம். பட்டம் மட்டும் ஏன் எனக்கு இல்ல?"

குழுவினர் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்கள். பட்டத்துக்குப் பதில் அவள் கையில் கிடைத்தது, படித்த பாடங்களின் பட்டியல் மட்டும்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் அப்பாவின் வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துவிட்டுக் கடையில் போய்ச் சொல்ல, அப்பா அளவுநாடா கழுத்தில் தொங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பா, எல்லாம் போச்சுப்பா" என்று அவள் அழுதாள். அவர் அவளுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மறு ஆண்டு அந்த விதியைத் தளர்த்தினார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். இப்போது அவள் ஒரு பார்சல் அலுவலகத்தில் முகவரிகளைத் தட்டச்சு செய்கிறாள். மாதம் தவறாமல் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். இன்றுவரை பதில் இல்லை.