வாசலில் கிடந்த செருப்புகள்

முகப்பேர் மொட்டைமாடியில், என் பூசணிக்கொடியைத் தேடி ஒரு கருவண்டு வந்தது. பூவின் விளிம்புவரை வந்து, உட்காராமலே விலகிப் போனது.

"இன்னொரு வண்டு இப்பதான் வந்துட்டுப் போயிருக்கும்மா," என்றாள் மகள். "அதோட கால் வாசனை பூவுல ஒட்டியிருக்கும். தேன் தீந்துபோச்சுன்னு இதுக்குத் தெரிஞ்சிடும்."

எனக்குச் சித்தப்பாவின் மூஞ்சி ஞாபகம் வந்தது.

கொரட்டூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் வஞ்சிரக் குழம்பு. அப்பாவின் தம்பி அன்றைக்குத்தான் கசங்காத வெள்ளைச் சட்டையில் ரயிலிறங்கி வருவார். கேட்டருகே நின்று முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். வேற்றுச் செருப்பு கிடந்தால், குழம்புச் சட்டி காலியாகியிருக்கும் என்று அடுத்த தெருவிலிருந்த அத்தை வீட்டுக்குப் போய்விடுவார். அப்படியொரு பிழைப்பு.

"பக்கத்தூட்டு செருப்ப வாங்கிகினு வந்து வாசல்ல போடுடி, அந்த ஆளு வர்ற நேரம்," என்பாள் அம்மா.

அப்பா இறந்ததும் ஒரு ஞாயிறு காலைதான். பந்தல்கூடப் போடவில்லை. சித்தப்பாவுக்குத் தகவல் சொல்ல அண்ணன் கிளம்புவதற்குள் அவரே வழக்கம்போல வந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் நிறையக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை விசாரிக்காமல் திரும்பி நடந்தார். அத்தை ஏற்கெனவே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்; அவள் வீட்டில் பூட்டு தொங்குவதைப் பார்த்த பிறகுதான், என்ன விஷயம் என்று கேட்கத் திரும்பி வந்தார்.

வண்டு அடுத்த பூவுக்குள் இறங்கி, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்தது. அதைப் பார்த்து அவரை நினைத்தது எனக்கே கூச்சமாக இருந்தது. வண்டு வந்துபோனால் கொடியில் காயாவது பிடிக்கிறது.