அப்பா இடக்கையால் தள்ளிய தட்டு

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் மகளின் வணக்கம்.

மடத்துக்குளத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. மழை பொய்த்ததால் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனார். பிடிவாதக்காரர். முதலாளியிடமே, "இந்தத் துணி ஆகாதுங்க" என்று மரியாதையாக மறுத்துவிடுவார்.

சிறு வயதுக் காய்ச்சலால் அவருடைய இதய வால்வு சுருங்கியிருந்தது. 1960-களின் நடுவில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. இதயம் சரியானது. ஆனால் அங்கிருந்த இரத்தக்கட்டி ஒன்று மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், 'ஆமாங்க' ஒன்றுதான் மிஞ்சியது. சாப்பிட்டீர்களா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான். நம் ஊர்ப் பேச்சில் பாதி ஆமாங்கதானே! பார்க்க வந்தவர்கள், நன்றாகத் தேறிவிட்டார் என்றே சொல்லிப் போனார்கள்.

அம்மாவின் தம்பியான என் தாய்மாமாவும் அப்படியே நம்பினார். காதர்பேட்டை வியாபாரி ஒருவரின் மகனுக்கு என்னைப் பேசிவிட்டு வந்து, "பொண்ணக் குடுத்தர்லாங்களா மச்சான்?" என்றார்.

"ஆமாங்க."

வாக்குக் கொடுத்தாயிற்று என்று உறவினரிடமெல்லாம் சொல்லிவிட்டார். வாக்கை மீறினால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது. நானோ ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் காத்திருந்தேன். படிக்க வைப்பதாக ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் அப்பா சொல்லியிருந்தார். மாமா மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

உறுதி செய்யும் நாளில் வியாபாரி வெற்றிலைத் தட்டை நீட்டினார். "ஆமாங்க" என்றபடியே அப்பா அதை இடக்கையால் தள்ளினார். மாமா மறுபடி நகர்த்தி வைத்தார். அப்பா மறுபடி தள்ளிவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சபையில எடது கையிலீங்களா மச்சான்! மானம் போகுதுங்க" என்று மாமா பதறினார்.

"அவுருக்கு இருக்கறது அந்தக் கை ஒண்ணுதானுங்க" என்றார் வியாபாரி. என்னைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று கேட்டார்.

"படிக்கோணுமுங்க."

"வாய் என்ன சொன்னா என்னங்க, அவுரு மனசு இதுதானுங்க" என்று வியாபாரி தட்டைத் தாமே திரும்ப எடுத்துக்கொண்டார்.

நான் ஆசிரியை ஆனேன். அப்பா மேலும் சில ஆண்டுகள் இருந்து, தூக்கத்திலேயே உயிர் நீத்தார். சிகிச்சை தந்த டாக்டருக்கும், அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த அண்டை வீட்டாருக்கும், கோபம் மறந்து கடைசிவரை உடனிருந்த மாமாவுக்கும் நன்றி.

இறுதி ஊர்வலத்தன்று சொல்லி அனுப்பாமலே வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார் அந்த வியாபாரி. சம்பந்தி ஆகாத அவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நா அண்ணன்னுதான் கூப்புடறேன். அப்ப உனக்கு என்ன முறை கண்ணு?"

பெரிய மாமா, உங்களுக்கு எங்கள் வணக்கமுங்க.