கார்ட் வீட்டுச் சிலிப்பர்க் கட்டைகள்

ரயில் கார்டின் மனைவியே தண்டவாளத்தைக் கழற்றிவிட்டாள் என்று ஊர் பேசியது. அது பச்சைப் பொய். தண்டவாளத்தில் நான் கை வைக்கவேயில்லை. அதன் கீழே கிடந்த சிலிப்பர்க் கட்டைகளில் பத்தைத்தான் எடுத்தேன்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றபோது என் கணவர் தெற்கில், வேலையிடத்தில் அகப்பட்டுக்கொண்டார். நான் கோண்டாவிலில் இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியே இருந்தேன். ஷெல் விழத் தொடங்கியதும் வளவுக்குள் பங்கர் வெட்டினோம். அதை மூடுவதற்குப் பனை தறிக்க ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலோ, ரயில் ஓடாத பாதையில் கறையானும் தொடாத கட்டைகள் சும்மா கிடந்தன. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எல்லாப் பங்கருக்கும் அதுதான் கூரை.

சண்டை ஓய்ந்து, பாதையைத் திருத்த ஆட்கள் வந்தார்கள். எங்கள் பகுதியில் கட்டையில்லாமல் வேலை நின்றுபோனது. "திருப்பித் தாருங்கோ, ஒரு கேள்வியும் கேக்கமாட்டம்" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. "கார்ட் வீட்டிலையே குடுக்கேல்லை, நாங்கள் ஏன் குடுக்கவேணும்?" என்றார்களாம்.

அவர்களின் கங்காணி என்னிடம் வந்தார். அந்த நாளில் எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

"நாளைக்குத் திரும்ப ஷெல் அடிச்சால் பிள்ளையளை எங்கை ஒளிக்கிறது? நான் தரமாட்டன். அவர் வரட்டும், அவரோடை கதையுங்கோ."

"அவர் வாறதுக்குத்தான் தங்கச்சி, கட்டை கேக்கிறம்."

வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பயம் மட்டும் போகவில்லை. பகல் முழுவதும் பங்கர் வாசலிலேயே இருந்து யோசித்தேன். பின்னேரம் மண்வெட்டியை எடுத்து மேல்மண்ணை நானே விலக்கத் தொடங்கினேன். கடைசிக் கட்டையை இழுத்தபோது ஒழுங்கை முழுக்க மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

முதல் ரயிலுக்கு அவர்தான் கார்ட். பச்சைக் கொடியோடு எட்டிப் பார்த்தவரைச் சின்னவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "அது அப்பாவடி!" என்று பெரியவள் கத்தினாள். நான் வெட்கத்தை விட்டு ஊருக்கு முன்னாலேயே கையை ஆட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

ரயிலைக் காங்கேசன்துறையில் விட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கூரையில்லாத குழியைக் கண்டதும் நின்றுவிட்டார். கடிதங்களில் நான் பங்கரைப் பற்றி எழுதியதே இல்லை. உள்ளே இறங்கிக் குந்தினார். முழங்கால் நெஞ்சில் முட்டியது.

"நீர் எந்தப் பக்கம் இருக்கிறனீர்?"

"வாசல் பக்கம்."

"பிள்ளையள்?"

"எனக்குப் பின்னாலை."

அவர் மெல்ல அரக்கி நகர்ந்து வாசல் பக்கமாக இருந்துகொண்டார்.

"இறங்கி வாரும்," என்றார். "எனக்குப் பின்னாலை இரும்."