முப்பது இழுப்பறை பீரோ

1978 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, நாட்குறிப்பு எழுதினேன். பிறகு, செங்கம் ரோடு பழைய சாமான் கடையில் வாங்கிவந்த பீரோவின் பக்கம் போனேன். நூலகத்தில் புத்தக அட்டைகள் அடுக்கும் தேக்கு பீரோ அது. ஆளுயரம், முப்பது இழுப்பறைகள், பித்தளைப் பிடிகள். எத்தனை முறை தடவிப் பார்த்தும் ஆசை தீரவில்லை.

மேல்வரிசைகளில் பத்திரிகை நறுக்குகளை நிரப்பியிருந்தேன். இழுப்பறைகளின் உட்பக்கம் எண்சீட்டு ஒட்டுவதற்காக ஒவ்வொன்றையும் முக்கால்வாசி வெளியே இழுத்துக்கொண்டே வந்தேன். என் மனைவி பீரோவுக்கு முன்னால், சுவர் மூலையில் உட்கார்ந்து கீழ்வரிசைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணொண்ணா திறந்து ஒட்டக்கூடாதாங்க?" என்றாள்.

"வரிசை தப்பிடும்," என்றேன்.

கடைசி இழுப்பறையை இழுத்ததும் பீரோ அவள் பக்கம் சாய்ந்தது. தோள் கொடுத்துத் தாங்கினேன். இழுப்பறைகள் மேலும் நழுவ, பாரம் கூடியது. அவளுக்கு நகர இடமில்லை. என் கால் வழுக்கத் தொடங்கியது.

"நீங்க அசையாதீங்க. நான் உள்ள தள்றேன்."

மெல்ல எழுந்து, மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பன்னிரண்டாவதைத் தள்ளியபோது பீரோ நிமிர்ந்தது.

"வரிசையாத்தான் தள்ளியிருக்கேன், பாத்துக்குங்க," என்றாள்.

இப்போதெல்லாம் கனமானவற்றைக் கீழ்வரிசையில் வைக்கிறேன். ஒன்றை மூடாமல் மற்றொன்றைத் திறப்பதில்லை. மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல் தச்சரை அழைத்துவந்து, இரும்புப் பட்டையால் பீரோவைச் சுவரோடு பிணைத்தேன்.