நோன்பு மாதத்து ஊதா நாக்கு

"இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்று சொல்லியபடி, ஈர்க்கில் சுற்றிய பஞ்சை ஊதா மருந்தில் தோய்த்துத் திறந்த வாய்க்குள் கொண்டுபோகிறேன். மருந்து கலக்குகிறவன் என்று பெயர், ஆனால் என் தொழிலில் பாதி அடுத்தவர் நாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். கல்முனைச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த டிஸ்பென்சரிக்கு, சூறாவளி கொண்டுபோன கூரைக்குப் பதிலாகப் புதுத் தகரம் போட்டிருந்த காலம் அது. மருந்து வாங்க வெறும் பன்னீர்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி என் யன்னலுக்கு முன்னால் நின்றவர்களில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கலாம். அப்படியானால் என் முகம் மறந்திருந்தாலும் ஊதா நிற விரல் நுனிகள் நினைவிருக்கும்.

சாயம்

மருதமுனையிலிருந்து ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். வீட்டில் தறி போட்டிருப்பவள். நகக்கண்களில் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது. குழந்தை பாலில் வாய் வைக்கிறது, உடனே விட்டுவிட்டு அழுகிறது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிராடை போல வெள்ளை. துடைத்தாலும் போகவில்லை. ஊரில் இதற்கு அக்கரம் என்று பெயர். இது ஒருவகைப் பூஞ்சணம், எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருக்கும், பச்சைக் குழந்தைக்கு அதை எதிர்த்து நிற்கும் சக்தி இன்னும் வரவில்லை, அதனால்தான் பரவுகிறது என்று டொக்டர் சொன்னார். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாதா என்று நான் கேட்டேன். உடம்பு விழித்திருக்கும்வரை செய்யாது என்றார்.

மருந்தைப் பூசினேன். குழந்தையின் வாய் அந்திவானம் போல ஆயிற்று. தாய் அந்த நிறத்தைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள், மறுபடி குழந்தையின் வாயைப் பார்த்தாள். குழந்தையைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"இந்தச் சாயம் எங்க வாங்கின நீங்க? எங்கட நூல்ல இப்பிடிப் புடிக்குதில்லையே."

வட்ட முகம்

இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த சிறிய பள்ளிவாசலில் இஸ்மாயில் மோதினார் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவந்தார். மெலிந்த மனிதர், மூச்சிழுப்புள்ள தொய்வுக்காரர். ஆனால் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றால் அந்த நெஞ்சிலிருந்து எங்கிருந்தோ நீளமான ஒரு மூச்சு வரும். பின்னேரத்து அஸர் நேரத்தில் அந்தக் குரல் எங்கள் தகரக் கூரைக்கு மேலால் போகும்போது, குளிசை எண்ணிக்கொண்டிருக்கிற என் கை தானாக நிற்கும். மருந்துப் போத்தல்களுக்குள் வெயில் நீலமாகவும் மஞ்சளாகவும் இறங்கியிருக்கும். எவ்வளவு எண்ணினேன் என்பது மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன்.

அந்த வருடம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில் அவருக்கு மூச்சு மிகவும் முட்டியது. டொக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும் ஒரு சிறிய வெள்ளைக் குளிசை கொடுத்தார். முட்டு இறங்கியது. அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வரவில்லை. முகம் மட்டும் உருண்டு திரண்டு, பதினாலாம் பிறை போல ஆகிக்கொண்டிருந்தது. ஊரே அவருடைய மனைவியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தது.

தலைநோன்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு விழுங்க முடியவில்லை, தொண்டை எரிகிறது, குரல் கம்மிவிட்டது. டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மருதமுனைக் குழந்தையின் வாயில் கண்ட அதே வெள்ளை, உள்நாக்கு வரைக்கும். சீனி வருத்தமாக இருக்குமோ என்று சலம் பெய்து தரச்சொல்லி, அதை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினேன். நீலம் நீலமாகவே இருந்தது, சீனி இல்லை. வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டதற்குத் தேனும் கற்கண்டும் என்றார். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வருத்தக்காரன்ட முகமா டொக்டர் இது? கலியாணத்தண்டைக்கும் இவரு இப்பிடி இருக்கல்லையே."

சஹருக்கு இரண்டு

நோன்பு பிடித்துக்கொண்டு பகலில் பூச முடியாது, துறந்த பிறகும் விடியமுன் சாப்பிடும் சஹரிலும் பூசுங்கள் என்று டொக்டர் சொன்னார். மோதினார் தலையாட்டினார். அப்படியென்றால் அந்த நேரங்களில் குளிசையும் சேர்ந்து வருமே, இரண்டும் ஒத்துக்கொள்ளுமா என்று மிகுந்த பொறுப்போடு கேட்டார். எந்தக் குளிசை என்று டொக்டர் கேட்க, சேர்வானிப் பையிலிருந்து காகித உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே சிறிய வெள்ளைக் குளிசை. ஒன்றை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, கடை கடையாகக் காட்டி வாங்கியிருக்கிறார். மூச்சு அவருக்குத் தேவைப்படுவது பாங்கு சொல்லும்போதுதான். அதனால் ஒவ்வொரு பாங்குக்கும் முன்னால் ஒன்று.

அது ஏன் மருந்துக் கணக்கில் வரவில்லை என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார். வருத்தத்துக்குத் தின்பதுதானே மருந்து, இது பாங்குக்கு என்றார் மோதினார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அதிர்ந்திருந்ததை மோதினார் வேறுமாதிரி விளங்கிக்கொண்டு சமாதானம் சொன்னார்.

"பயப்புடாதீங்க டொக்டர், நோன்புல நான் பகல்ல போடமாட்டன். சஹருக்கு ரெண்டு, நோன்பு துறந்தாப் பொறகு மூண்டு."

தண்ணீர்

டொக்டர் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. விதைத்த வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறபோது புல் வராது. புல்லின் விதை சேற்றுக்குள்ளேயே இருக்கும், ஆனால் எழும்பாது. தண்ணீர் வற்றினால் மறுநாளே தலைகாட்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தத் தண்ணீர் மாதிரி, இந்தக் குளிசை நெஞ்சைத் திறந்துவிடும், ஆனால் அதிகமாக எடுத்தால் அந்தத் தண்ணீரை வடிய விட்டுவிடும் என்றார். முகம் உருண்டதும் இந்தக் குளிசையால்தான். சட்டென்று நிறுத்தவும் கூடாது, அது இன்னும் ஆபத்து. தான் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மோதினார் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குறைத்தால் முட்டு திரும்பும், நோன்பு முழுக்கக் குரல் நிற்குமா என்று கேட்டார். டொக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை. சம்மாந்துறையில் நல்ல குரல் உள்ள ஒருவரைப் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மோதினாருக்கு அந்தப் பாங்கைத் தவிர வேறு வேலை எதுவும் தெரியாது. அவர் சொன்னது, கம்மிய குரலில், காற்றோடு சேர்ந்து வந்தது.

"அப்ப என்ட வயல் தண்ணிய நானேதான் வெட்டி விட்டிரிக்கன்."

நாவற்பழம்

நோன்பு வந்தது. அந்தித் தொழுகையான மஃரிப் முடிந்ததும் மோதினார் எங்கள் வாங்குப் பலகையில் வந்து உட்காருவார், நான் பூசிவிடுவேன். குளிசை குறையக் குறைய முகத்தின் உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பாங்கும் சுருங்கியது. முன்பு ஒரே மூச்சில் போன இடத்தில் இப்போது இரண்டு தடவை நின்றார். அந்த இடைவெளிகளில் கடல் சத்தம் கேட்கும். இத்தனை காலம் அது எங்கே இருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் யாருமே யோசிக்காதது ஒன்று உண்டு. இரவில் பூசிய ஊதா பகலிலும் போவதில்லை. அதுவோ நாவற்பழக் காலம். பள்ளிவாசல் வளவு மரத்தடி முழுக்கப் பழம் சிதறிக் கிடந்தது. நோன்பு நாளின் நடுப்பகலில், ளுஹர் பாங்கு சொல்ல வாயைத் திறக்கிற ஒரு மனிதரின் நாக்கு ஊதாவாக இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? மோதினார் பகலில் யாரோடும் கதைக்காமல் வாயை மூடிக்கொண்டு திரிந்தார். அது இன்னும் மோசமாயிற்று. மரைக்கார் ஒருநாள் கைகால் கழுவுகிற ஹவுலடியில் பலர் கேட்கச் சிரித்துக்கொண்டே சொன்னதாக மோதினாரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, நிறம் பிடிக்காத மருந்து இல்லையா என்று கேட்டார். கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை என்றேன். மறுபடி வாயைத் திறந்து காட்டினார். மரைக்கார் சொன்னது இதுதான்:

"நோன்பு நமக்குத்தான் மோதினார், காக்காய்க்கும் உங்களுக்கும் இல்ல போலரிக்கி."

மரைக்கார்

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒருநாள் அந்திக்குப் பிறகு, வாங்கு வெறுமையாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மரைக்கார் உள்ளே வந்தார். நாக்கு எரிகிறது, கஞ்சி குடிக்க முடியவில்லை, தாகம் அடங்கவில்லை. டோர்ச் வெளிச்சத்தில் அதே வெள்ளை. நான் சலத்தைக் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. இவருடைய வயலின் தண்ணீரைச் சீனி குடித்திருந்தது. நோன்பை விடச் சொன்னார் டொக்டர்.

ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி மருந்தில் தோய்த்தேன். நிறத்தைக் கண்டதும் அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எத்தனை நாளைக்கு இது நிற்கும் என்று கேட்டார். பகலிலும் தெரியும் என்றேன். அவர் பஞ்சைக் காட்டிக் கேட்டார்.

"மோதினாரும் இஞ்சதான் வாறவரா, தம்பி?"

நான் பஞ்சை நீட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்.

மஃரிப்

மறுநாள் நோன்பு துறக்க நான் அந்தப் பள்ளிவாசலுக்குப் போனேன். வெளி விறாந்தையில் பாய் விரித்திருந்தது. கஞ்சிக் கோப்பைகளிலிருந்து ஆவி எழும்பி, அந்தி வெளிச்சத்தில் முகங்கள் கரைந்தும் தெளிந்தும் தெரிந்தன. மோதினார் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று பாங்கு சொன்னார். நடுவில் நின்றார், மூச்செடுத்தார், தொடர்ந்தார். கரகரத்தாலும் அது அவருடைய குரல்தான். சம்மாந்துறைக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் எழவில்லை.

வாயைத் திறக்காதவரை இந்தக் கரையில் நாங்கள் எல்லோரும் சுகதேகிகள்தான். பாங்கு முடிந்து மோதினார் பாயின் ஓரத்துக்கு வந்தபோது, வாயை இறுக்கி மூடியபடி உட்கார்ந்திருந்த மரைக்கார் சற்று ஒதுங்கி இடம் விட்டு, தன் முன்னால் இருந்த கஞ்சிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.